காத்தது கடவுளா, கல்விக்கூடமா?

"சீனரைப் பாருங்கள்! கடல் கடந்தும் இனத்தை மறந்தாரில்லை. சென்ற இடமெல்லாம் கோயில் கட்டினர்; கோயில் அவர்களைக் காத்தது. நீங்களோ கோயிலைக் குறை கூறித் திரிகிறீர்கள்!" பகுத்தறிவு பேசும் இளைஞர் மீது பழமை விரும்பிகள் வீசும் கணை இது. கூரிய கணைதானா? சோதித்துப் பார்ப்போம், தோழர்களே!

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு, அன்று அலை மோதிய கடற்கரை. புயலுக்குத் தப்பிக் கரையேறிய ஹொக்கியன் சீனர், கடல் அன்னை மாஜூவுக்கு நன்றி கூற 1839 முதல் 1842 வரை அங்கே எழுப்பிய கோயில் தியான் ஹொக் கெங். உற்றாரற்று வந்தவன் தன் ஊராரைக் கண்ட இடம் அது. கூடிப் பேசிய இடம் அது. மறுக்கவில்லை. ஆனால் வந்தவனை அணைத்தவை மனிதக் கரங்கள். மாலை சூடி அமர்ந்திருந்த சிலையன்று!

1854இல் ஹொக்கியன் சீனரும் தியோச்சூ சீனரும் மோதினர். பத்து நாட்களுக்கு மேல் நீண்ட கலவரம், மாண்டோர் நூற்றுக்கணக்கினர். இரு சாராரும் சீனர், இரு சாராரும் மாஜூவின் பக்தர், ஆளுக்கொரு கோயில்! அன்னை குறுக்கே நின்றாளா? ஓங்கிய கையைத் தடுத்தாளா? கோயில் காத்தது இனத்தையா, இனத்துக்குள் இருந்த பிளவையா?

அதே 1854இல், கோயிலின் பின்புறத் தெருவில் டான் கிம் செங் எனும் வணிகர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1915இல், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளி பிறந்தது. 1929இல் ஹொக்கியன் சங்கத்தின் தலைமையேற்ற டான் கா கீ, ரப்பரில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கியவர். பின்னர் அச்சங்கம் 523 ஏக்கர் நிலம் ஈந்தது. மிதிவண்டி ரிக்சா ஓட்டியவன் ஒருநாள் கூலியைத் தந்தான். நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தது! வட்டாரப் பேச்சுகள் ஒதுங்கிப் பொதுச் சீனமொழி அங்கே ஒலித்தது. ஹொக்கியனையும் தியோச்சூவையும் ஒரே பலகையில் அமர்த்தியது கருவறையன்று, வகுப்பறை!

"பள்ளி பிறந்ததே கோயிலின் மடியில்தானே?" என்பர். ஆம்! ஆனால் பொருள் தூபமாகப் புகைந்தே போயிருந்தால் புத்தகம் ஏது? அதைப் புத்தகமாக்கியது பக்தியன்று, அறிவு.

இன்னுமொரு சான்று காணீர். 1973இல் அக்கோயில் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 1980இல் நன்யாங், வேறொரு பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு மறைந்தது. 1987இல் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று. தூபம் இன்றும் மணக்கிறது. மொழி? 2020 கணக்கெடுப்பில், சிங்கப்பூர்ச் சீனரின் இல்லங்களில் மாண்டரினை முந்திவிட்டது ஆங்கிலம்! கோயில் நிலைத்தது; மொழி தேய்கிறது. மாஜூ தடுத்தாரில்லை!

அத்தெருவிலேயே, தமிழ் முஸ்லிம்கள் 1830இல் கட்டி முடித்த நாகூர் தர்காவும் நிற்கிறது. ஆம், அக்கரையில் இறங்கியோருள் நம்மவரும் உண்டு. ஆகவே கேள்வி நமக்கும்தான். குடமுழுக்குக்குக் கொட்டும் பொன்னில் ஒரு பங்கேனும் தமிழ் வகுப்புக்குச் செல்கிறதா? கோபுரம் உயர உயரப் பிள்ளையின் நாவில் தமிழ் குறைகிறதே, யாரைக் கேட்பது?

இளைஞனே! கணை வீசுவோரிடம் கூறு: இனம் கல்லில் வாழ்வதில்லை, சொல்லில் வாழ்கிறது. சொல்லைக் காப்பது பள்ளி. உண்டியலைத் திற; ஏடு வாங்கு!