படை அனுப்பும் முன் விவாதம் தேவை

அந்நிய மண்ணுக்குப் படையை அனுப்பும் முடிவு ஒரே நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. திரும்ப அழைப்பதற்கோ ஆண்டுகள் ஆகின்றன. 2001-ல் ஆப்கானிஸ்தானில் நுழைந்த அமெரிக்கப் படை அங்கிருந்து முற்றிலும் வெளியேறியது 2021 ஆகஸ்டில்தான். இந்தப் பாடத்தை அமெரிக்காவைப் பார்த்து அறிய வேண்டிய அவசியம் நமக்கில்லை. இலங்கையில் அதற்கான விலையை இந்தியா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

இதைத் திருவனந்தபுரத்திலிருந்து எண்ணிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். விமானப் படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம் 1984-ல் அமைக்கப்பட்ட நகரம் இது. இலங்கையும் மாலத்தீவும் இதற்கு அருகில் உள்ளன. தமிழக, கேரள இளைஞர்கள் தோளோடு தோள் நின்று பணியாற்றும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கும் இந்திய அமைதிப் படையில் பங்கு உண்டு. கடல் கடந்த போர் என்பது இப்பகுதிக் குடும்பங்களுக்கு வெறும் வெளியுறவுக் கொள்கை அல்ல.

1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்தியப் படையினர் இலங்கை சென்றனர். நாடாளுமன்றத்தின் முன் அனுமதி கோரப்படவில்லை. சட்டப்படி அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்க நேரிட்டது. வந்த நோக்கம் ஒன்று. செய்ய வேண்டிவந்த பணி வேறு. நோக்கம் மாறியபோதும் அவையின் ஒப்புதல் பெறப்படவில்லை.

சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அப்பாவித் தமிழர்கள் பலரும் மாண்டனர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் மருத்துவர்களும் நோயாளிகளும்கூடத் தப்பவில்லை. யாரைக் காக்க இந்தியா சென்றதோ அவர்களது நம்பிக்கையையே இழந்தது.

1989 ஜூன் மாதம், அதிபர் பிரேமதாசா ஜூலை இறுதிக்குள் படைகள் வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தார். தேதி குறித்து இரு அரசுகளும் மாதக்கணக்கில் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. ஆட்சி மாறி வி.பி. சிங் பிரதமரான பிறகு, 1990 மார்ச் 24-ம் தேதி கடைசி அணி திரும்பியது. அதை வரவேற்கத் தமிழக முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. தமிழர்கள் பட்ட துயரை எண்ணிய அந்த நிலைப்பாட்டில் நியாயம் இருந்தது. ஆயினும், ஆட்சியாளர்களின் முடிவுக்கான கசப்பை, ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சென்ற சிப்பாயும் சுமக்க வேண்டியதாயிற்று.

முன்கூட்டியே விவாதித்தால் என்ன நன்மை என்பதற்கு 2003 சாட்சி. ஏப்ரலில் மக்களவை இராக் போரைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா வற்புறுத்தியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. ஜூலை 14-ம் தேதி, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணையின்றிப் படை அனுப்ப இயலாது என்று வாஜ்பாய் அரசு அறிவித்தது. அந்த முடிவுக்காக இந்தியா வருந்த நேரவில்லை.

அவசர காலத்தில் விவாதத்துக்கு ஏது நேரம் என்று கேட்கலாம். 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்த அன்றிரவே இந்திய வீரர்கள் அங்கு இறங்கினர். அத்தகைய அதிகாரம் அரசுக்குத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவசரத்தில் தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு அது காரணமாகிவிடக் கூடாது. அமெரிக்காவின் 1973-ம் ஆண்டுச் சட்டம், 48 மணி நேரத்தில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவும், ஒப்புதல் இல்லையேல் 60 நாள்களில் நடவடிக்கையை நிறுத்தவும் வகை செய்கிறது. அங்கு அது பலமுறை மீறப்பட்டது என்பது உண்மையே. ஆனாலும், ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்க ஓர் அளவுகோல் அங்கு இருக்கிறது.

முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருந்தாலும், அதன் செயல்பாடு சட்டத்தால் நெறிப்படுத்தப்பட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு. எனவே, வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் படையின் நோக்கம், காலம், செலவு ஆகியவற்றைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் அவையின் முன்வைத்து ஒப்புதல் பெறுவதைக் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றப்பட வேண்டும். நோக்கம் மாறினால் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும்.

எப்போது திரும்புவோம் என்று சிப்பாய் கேட்க முடியாது. அவனுக்காக அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. படை புறப்படும் முன்பே அது கேட்கப்பட வேண்டும்.