ஒரு விளையாட்டுப் போதும் என்று யார் சொன்னது?

அன்பின் உம்மாமார், வாப்பாமாருக்கு,

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுக்கும் காலம் இது. "ஒன்றில மட்டும் சேருங்கோ, ரெண்டெல்லாம் வேணாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். பெண் பிள்ளை என்றால் அந்த ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அவுஸ்திரேலியாவின் எலிஸ் பெரியை கிரிக்கெட் பார்க்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் உதைபந்தாட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர் என்பது பலருக்குத் தெரியாது. 2007 ஜூலையில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. இரண்டு கிழமைக்குள் ஹொங்கொங்குக்கு எதிராக முதல் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி; இரண்டாவது நிமிடத்திலேயே கோல். அப்போது அவருக்கு வயது 16. இங்கே அது சாதாரண தரம் எழுதும் வயது. 2011 உலகக் கிண்ணக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராகவும் கோல் அடித்தார்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்போம். ஆனால் 2010 இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பாருங்கள். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 5 ஓட்டங்கள் தேவை. சோஃபி டிவைன் நேராக ஓங்கி அடித்த பந்தை, பந்து வீசிய பெரி காலை நீட்டித் தடுத்தார். அவுஸ்திரேலியா 3 ஓட்டங்களால் வென்றது. உதைபந்து பழகிய கால்தான் அன்று கிரிக்கெட் கிண்ணத்தைக் காத்தது.

பிறகு அவர் கிரிக்கெட்டோடு நின்றுகொண்டார். 2017இல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213 ஓட்டங்கள் எடுத்தார். ஆம், ஒரு நாள் ஒன்றைத் தெரிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர் இரண்டையும் ஆடிப் பார்த்த பிறகே தெரிவு செய்தார். நம் பிள்ளைகளுக்கோ தரம் 6இலேயே நாம் தெரிவு செய்து கொடுத்துவிடுகிறோம்.

அங்கே மைதானமும் பயிற்றுநரும் இருக்கிறார்கள், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மைதானத்துக்குக் காசு வேண்டும். ஆனால் ஓடவும் தெரிந்த, வலைப்பந்தும் ஆடத் தெரிந்த ஒரு மகளை இரண்டுக்கும் விடுவதற்குச் சல்லிக்காசு தேவையில்லை. டியூஷன் வகுப்பு ஒன்றின் நேரத்தை மாற்றினால் போதும்.

பெயர்ப் பட்டியல் மூடும் முன் பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள்: "உனக்கு எதெல்லாம் விருப்பம்?" 'எது' என்று கேட்க வேண்டாம். 'எதெல்லாம்' என்றே கேளுங்கள்.