பஞ்சத்தில் போனவர்களின் பெயர்கள்



1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், ஆரணியை உள்ளடக்கிய வடஆற்காடு மாவட்டமும் வாடியது. சோறே அரிதானபோது துணி வாங்குவாரில்லை. நெசவாளர் பட்டினி கிடந்தனர். அக்காலத்தில் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலியாட்களுக்கு ஆளுக்கோர் எண் இடப்பட்டது. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயரும் ஊரும் பதிவாயின. அப்பட்டியலைக் கொண்டே இன்று தென்னாப்பிரிக்காவிலுள்ள சந்ததியார் தங்கள் பூர்வீகத்தைத் தேடுகின்றனர். ஆங்கில எழுத்தில் உருமாறிய ஊர்ப்பெயரை அடையாளம் காட்ட இவ்வூராராலேயே கூடும்.

“இத்தனை காலத்துக்குப் பின் எதற்கு?” என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது தகாது. அவர்கள் நம் சபையாரல்லர் என்பதும் சாக்காகாது. பஞ்சத்தினால் எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பத்தாரை ஆதியாகமம் 46ஆம் அதிகாரம் பேர்பேராக எழுதிவைத்திருக்கிறது. நம் மேய்ப்பரும் எண்ணால் அல்ல, பேரால் அழைக்கிறவர். அவருடைய மந்தையாகிய நாம், தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டுவோமாக. ஆமென்.