சரிவுப் பந்தயமும் முட்டுக்கட்டையும்



நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை பிறந்தது. ஆண்டு விழாவில் வழக்கமான பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி, கோலப் போட்டி ஆகியவற்றோடு ஒரு சரிவுப் பந்தயமும் நடத்தலாம் என்றார் பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர். எஞ்சின் இல்லாத வண்டி, மிதிக்கவும் வேண்டாம், மேட்டிலிருந்து விட்டால் பூமியின் இழுப்பே அதை ஓட்டும். சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிச் செல்வது ஒரு வகை. மேல்நாட்டார் அதை ஸ்ட்ரீட் லூஜ் என்பர். பெடலைக் கழற்றிய சைக்கிளில் குனிந்து செல்வது மற்றொரு வகை. அது கிராவிட்டி பைக். யோசனையைக் கேட்டதும் கூட்டத்தில் பாதி சிரித்தது. பாதி கை தட்டியது. சிரித்தவர்க்கும் கை தட்டியவர்க்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சிரித்தவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கொல்கத்தாவில் மேடு எங்கே? ஊட்டியில் கேட்டால் சரி, டார்ஜிலிங்கில் கேட்டால் சரி. ஹூக்ளி நதி கொண்டு வந்து கொட்டிய வண்டலின்மேல் எழுந்த ஊர் இது. கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரமிருந்தால் அதுவே இங்கு பெரிய இடம்.

கை தட்டியவர்கள் அதற்குச் சொன்ன பதில்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. “மேம்பாலங்கள் இருக்கின்றனவே! இரவு இரண்டு மணிக்கு வெறிச்சோடித்தானே கிடக்கும்?” என்றார் ஒருவர். அந்தப் பேச்சை அன்றே எதிர்த்தேன்; இன்றும் எதிர்க்கிறேன். கோழைத்தனத்தால் அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்ததால்.

1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவை எடுத்துக்கொள்வோம். கப்பல் போக வேண்டும் என்பதற்காக ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 26 மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டிய பாலம் அது. 26 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கும் வண்டி, அடியை அடையும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் எடுத்திருக்கும். உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றாலும் மிச்சமிருப்பது உயிரைக் குடிக்கப் போதும். படுத்துச் செல்லும் வண்டிக்கு பிரேக் எது தெரியுமா? ஓட்டுபவரின் செருப்படி! தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிடக்கும் மனிதனை லாரி ஓட்டுநர் இருளில் எப்படிக் காண்பார்? கண்டுவிட்டாலும் எப்படி நிறுத்துவார்? நம் விளையாட்டுக்காக அந்த ஏழை ஓட்டுநர் கொலைப்பழி சுமக்க வேண்டுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2013இல் இந்நகரக் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. பால்காரரும் பத்திரிகை போடுபவரும் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர்களும் சைக்கிள் அன்பர்களும் போராடிய பின்னரே அந்தப் பட்டியல் சுருங்கியது. நள்ளிரவில் நாம் செய்யும் ஒரு விஷமம், உழைத்துப் பிழைப்பவரின் இரு சக்கரத்துக்கு எதிராக ஒரு புதுச் சாட்சியாகிவிடக் கூடாது.

அப்படியானால் பந்தயம் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. வேண்டும் என்கிறேன். ஆனால் மேம்பாலத்தில் அல்ல, நம் மைதானத்தில். திருட்டுத்தனமாக அல்ல, அனுமதியோடு.

மேடு எங்கே என்று மறுபடியும் கேட்பீர்கள். மேட்டை நாம் கட்டிக்கொள்வோம்! ஆண்டுதோறும் துர்கா பூஜைக்கு மூங்கிலும் கயிறும் பலகையும் கொண்டு மாளிகைகளையும் கோபுரங்களையும் எழுப்பும் ஊர் அல்லவா இது? பந்தல் கட்டும் அந்தக் கைகளுக்கு இரண்டு மீட்டர் உயரமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள ஒரு சரிவுப் பாதை பெரிய காரியமா? கட்டி முடித்ததும் கட்டடப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஏறி நின்று பார்த்து, “தாங்கும்” என்று சொல்லட்டும். அதன் பிறகே வண்டி ஏற வேண்டும்.

இரண்டு மீட்டர்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த உயரமே மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தைத் தந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து போகும்போது அது சைக்கிள் வேகம். மண்ணை ஒட்டிப் படுத்துப் போகும்போது அது புயல் வேகம். அந்த வேகத்தில் வரும் வண்டியைச் சுமாரான பிரேக் பத்து மீட்டருக்குள் நிறுத்திவிடும். நாம் முப்பது மீட்டர் ஒதுக்குவோம். அதற்கும் அப்பால் வைக்கோல் கட்டுகளை அடுக்குவோம்.

நிறுத்தும் கலை தமிழருக்குப் புதியதா? தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர். ஊரே அவர்களைத்தான் பார்க்கும். ஆனால் சக்கரத்தின் அருகே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டையைச் செருகித் தேரைத் திருப்புபவரும் நிறுத்துபவரும் சிலர்தான். அவர் கையிலிருக்கும் முட்டுக்கட்டையை நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம்! திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தித் தந்ததே, ஏன்? ஓடுவது பாதிப் பெருமை, நிற்பது மறுபாதி என்பதை அறிந்ததால். வங்காளத்தாருக்கும் இது தெரியும். ஸ்ரீராம்பூருக்கு அருகே மாஹேஷில் நூற்றாண்டுகளாக ரத யாத்திரை நடத்தி வருபவர்கள் அவர்கள்.

இந்தப் பாடத்தை மறந்தவர்கள் பட்டதையும் கேளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சிக்னல் ஹில் குன்றில் 1975இல் சறுக்குப் பலகை வேகப் போட்டி தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு வேகம் ஏறியது, காப்பு ஏறவில்லை. 1978இல் போட்டியாளரும் வேடிக்கை பார்த்தவரும் காயமுற்றனர். அதோடு போட்டி நின்றது. அதே நாட்டின் டேட்டன் நகரில் 1933இல் தெருப் பிள்ளைகளின் பெட்டி வண்டிகளைக் கண்டு ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் தொடங்கிய சோப் பாக்ஸ் டெர்பி இன்றும் நடக்கிறது. அதற்கெனத் தனிப் பாதை உண்டு. வண்டியும் ஆளும் சேர்ந்த எடைக்கு வரம்பு உண்டு. ஓட்டத்துக்கு முன் வண்டிச் சோதனை உண்டு. 1971இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நான்கே ஆண்டில் ஒரு சிறுமி முதற்பரிசை வென்றாள். நம் மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்! சோதனையின் அவசியத்தையும் அந்தப் பந்தயமே காட்டியது. 1973இல் வென்ற வண்டியின் மூக்கில் மின்காந்தம் மறைத்து வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, பரிசு பறிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2012இல் மும்பையில் ரெட் புல் நிறுவனம் இத்தகைய பந்தயம் நடத்தியது. பெருநிறுவனத்தின் பணம் இருந்தால்தான் நடக்குமா? பழைய இரும்பும் புதிய மூளையும் இருந்தால் நடக்காதா?

பொருள்களுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. வாகனங்களின் பழைய உறுப்புகளுக்கு மல்லிக் பஜார் இருக்கிறது. சைக்கிள் சாமான்களுக்கு பெண்டிங்க் தெரு இருக்கிறது. நம்மில் பலர் ஊரில் நுங்கு வண்டி உருட்டியவர்கள். சிலர் பேரிங் வண்டி செய்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர்கள். அந்த அனுபவத்துக்கு இப்போது இயற்பியல் படிப்பும் துணை.

பூமியைப் போல் நேர்மையான முதலாளி வேறு எவருமில்லை, நண்பர்களே! ஒரே உயரத்திலிருந்து இறங்குவோர்க்கெல்லாம் அது ஒரே கூலிதான் தரும். செல்வர் வீட்டுப் பிள்ளை விலை உயர்ந்த எஞ்சின் வாங்கி முந்திவிட முடியாது, எஞ்சினே இல்லையே! கிடைத்த கூலியை உராய்வுக்கும் காற்றுக்கும் கோணல் சக்கரத்துக்கும் யார் குறைவாக இழக்கிறாரோ அவரே வெல்வார். கைவேலைக்கும் சிந்தனைக்கும் பரிசு தரும் இப்படி ஒரு போட்டியை நம் விழாக்களில் வேறு எங்கே காண்கிறோம்?

ஆகவே என் வேண்டுகோள் இது. முதலில் அமையும் குழு வண்டிக் குழுவாக இருக்க வேண்டாம். முட்டுக்கட்டைக் குழுவாக இருக்கட்டும். ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் சோதித்த பின்பே அவர்கள் சீட்டுக் கொடுக்க வேண்டும். தலைக்கவசமும் கையுறையும் இல்லாதவரை மேட்டில் ஏற்றக் கூடாது. ஒரு வண்டி நின்று விலகும்வரை மறு வண்டியை விடக் கூடாது. மருத்துவ மாணவர் இருவர் கீழே நிற்க வேண்டும். அதன் பிறகு பல்கலைக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுவோம். வங்காளி நண்பர்களையும் அழைப்போம். தமிழருக்கு மட்டும் என்று வேலி கட்ட வேண்டாம். ஒவ்வொரு அணியிலும் இரு மொழியினரும் இருக்கட்டும். ஒரே அச்சில் இரு சக்கரம் போல.

முட்டுக்கட்டைக் குழுவில் சேர நான் முதலில் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த பெயர் யாருடையது?