‘நல்லா பாத்துக்கிறீங்க’ என்று பாராட்டினால் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க உறவினர்கள் வருவார்கள். “இப்ப எப்படி இருக்கு மாமா? கை கொஞ்சம் தூக்க முடியுதா?” என்று விசாரிப்பார்கள். கிளம்பும்போது அவர் மனைவியிடம், “நீங்க இருக்கிறதாலதான் மாமா இவ்வளவு தேறியிருக்கார் அத்தை. நல்லா பாத்துக்கிறீங்க” என்பார்கள்.

அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால், அத்தை நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கும் பிரஷர் இருக்கும், முழங்கால் வலி இருக்கும். அவர் கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

முடியாமல் கிடக்கும் துணையைக் கவனிப்பதைப் பாசம், கடமை, தியாகம் என்றெல்லாம் சொல்கிறோம். இருக்கட்டும். ஆனால், பாசத்தோடு செய்தாலும் அது வேலைதான். வேலை என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும், ஓய்வு வேண்டும், மாற்று ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒருவரை மட்டும் நிறுத்திவைத்தால், கொஞ்ச நாளில் வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள்.

அப்படி என்ன வேலை?

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இல்லையென்றால் இடுப்பு, புட்டம், குதிகால் பகுதிகளில் படுக்கைப்புண் வரும். இரவிலும் இதே கணக்குதான். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் தண்ணீர்கூட மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். இதோடு உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, வேளைக்கு மாத்திரை, கை கால் பயிற்சி. அப்புறம் வழக்கமான சமையல், துணி, ரேஷன், கரன்ட் பில்.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் ஷிப்ட் மாற்றி மாற்றிப் பலர் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஆள், ஒரே ஷிப்ட். முடியும் நேரமே கிடையாது.

யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பெயர்கள் இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். எழுபது கிலோ மனிதரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்பது பெரும்பாலும் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது, செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது; அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது. இரண்டுமே ஆபத்து. பலமிழந்த தோள்மூட்டு நழுவிவிடும், வலி மாதக்கணக்கில் நீளும். தூக்குபவரின் முதுகும் போய்விடும்.

நாற்காலியை அவருடைய நல்ல பக்கமாகப் போட வேண்டும். அவர் பாதம் இரண்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். தூக்குபவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பழகாமல் வராது. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட்டிடம், “நாங்களே ஒருமுறை செஞ்சு காட்டுறோம், சரியான்னு பாருங்க” என்று கேட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. இந்தப் பயிற்சியை முடிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை ஆஸ்பத்திரிகள் விதியாகவே வைக்க வேண்டும்.

கோபம் வந்தால் பாசம் இல்லையா?

பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை. மனச்சோர்வு வரும், காரணமில்லாமல் அழுகை வரும், சட்டென்று எரிச்சல் வரும். சிலருக்குப் பேச்சே போய்விடும். சொல்ல நினைப்பது வாயில் வராத கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை என்றால், “இவ்வளவு செஞ்சும் என் மேலயே எரிஞ்சு விழறார்” என்றுதான் மனைவிக்குத் தோன்றும். சரியாகத் தூங்காத ஒருவர் பதிலுக்குக் கத்துவார். பிறகு, “முடியாத மனுஷனைத் திட்டிட்டேனே” என்று தனியாக அழுவார்.

கத்தியதற்குக் காரணம் பாசக் குறைவு அல்ல, தூக்கக் குறைவு. பசி இல்லை, படுத்தாலும் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்ற நிலை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிப்பவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416 நோயாளிகளுக்கு மட்டும் இல்லை, இவர்களுக்கும்தான்.

‘கட்டினவ செய்யாம யார் செய்வா?’

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். அதற்கு ஒரு நாளில் சராசரியாக 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. கணவருக்குப் பக்கவாதம் வந்த வீட்டில் மனைவியின் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

மனைவி படுத்துவிட்டால் கணவர் கவனிப்பதில்லையா? கவனிக்கிறார்கள், மனதாரச் செய்பவர்களும் உண்டு. ஆனால், அவர் சமைப்பதைப் பார்த்தவுடன், “பாவம், இந்த வயசுல இவர் அடுப்படியில நிக்கிறாரே” என்று மகளையோ அக்காவையோ வரச் சொல்லிவிடுவார்கள். பெண் செய்யும்போது அந்தப் ‘பாவம்’ யாருக்கும் தோன்றுவதில்லை.

“ஆள் வெச்சுக்கலாமே” என்பது அடுத்த யோசனை. முழுநேர ஆள் வைக்கப் பல குடும்பங்களால் முடியாது. வசதி இருந்தாலும், “வேற யாரும் என்னைத் தொட வேண்டாம்” என்று நோயாளி சொல்லலாம். அந்தக் கூச்சத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால், அதற்காக ஒரே ஆள் வருடக்கணக்கில் ராத்திரி கண் விழிக்க முடியாது. முதலில் பிசியோவுக்கு, பிறகு குளிப்பாட்ட என்று மெதுவாக வேறு கைகளைப் பழக்க வேண்டும்.

அரசு என்ன செய்கிறது?

கொஞ்சம் செய்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளுடன் பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, சம்பளம் இல்லாமல் கவனிக்கும் குடும்பத்தினரையும் ‘பராமரிப்பாளர்’ என்றே சொல்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்பதும் அதன் 24-வது பிரிவில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது, வீட்டில் கண் விழிப்பவரின் கைக்கு வந்து சேர வேண்டும்.

விடுப்பைப் பாருங்கள். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் உண்டு. கணவனையோ மனைவியையோ கவனிக்க அப்படித் தனியாக ஒரு விடுப்பு இல்லை. இருக்கிற லீவைத்தான் கரைக்க வேண்டும். வயதானவர்கள் பெருகிவரும் மாநிலத்தில் இதைப் பேசாமல் தள்ளிப்போட முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உதவியை மணிக் கணக்கில் கொடுங்கள். “எதாவது வேணும்னா சொல்லுங்க” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். “ஞாயிற்றுக்கிழமை 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும் நான் இருக்கேன், நீங்க வெளியே போயிட்டு வாங்க” என்பது உதவி. உள்ளூர் மகன் வாரம் 2 இரவு, மகள் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், வெளியூரில் இருப்பவர் வாரம் 2 நாள் உதவியாளருக்குச் சம்பளம் என்று பிரித்து எழுதி, பிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கவனிப்பவரும் ஒன்று செய்ய வேண்டும். மாத்திரை நேரம், சாப்பாடு, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “என்னை விட்டா யாருக்கும் தெரியாது” என்று இருக்கும்வரை உங்களுக்கு லீவு கிடையாது.

இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “கடைசியா எப்போ முழு ராத்திரி தூங்கினீங்க?” அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தால், இன்று ராத்திரி அந்த அறையில் வேறொருவர் படுக்க வேண்டும்.