சிவப்புச் சிலந்தி அடித்தால் நமக்கு அரைப்பேரா?

ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை வரண்ட காற்று அடிக்கும் காலத்தில். பதுளைப் பக்கத்து மலைகளில் கொழுந்து குறைவதும் அப்போதுதான். முற்றிய இலை செம்பு நிறமாகிக் காய்ந்தால் "சிவப்புச் சிலந்தி அடித்துவிட்டது" என்கிறோம்.

பெயர்தான் சிலந்தி. உண்மையில் அது மாட்டில் ஒட்டும் உண்ணியின் சொந்தக்காரன். கண்ணுக்குத் தெரிவதே அரிதான சிற்றுண்ணி. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் எட்டுக்கால் குடும்பம். பூச்சிக்கு ஆறு கால்தான்.

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் பகையாளி இல்லை. உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி வகைகள் மட்டும் 50,000-க்கு மேல். தேயிலைச் செடிகளில் வாழும் சிலந்திகளும், சிற்றுண்ணியையே தின்னும் வேறு சிற்றுண்ணிகளும் சம்பளம் கேட்காமல் நமக்கு வேலை செய்கின்றன. கண்டபடி மருந்து அடித்தால் அவையும் சேர்ந்து சாகும். சிவப்புச் சிலந்தி மறுபடி பெருகும். நிழல் மரம் இல்லாத மலையில் அதன் கொட்டம் இன்னும் அதிகம்.

நிழல் மரத்தை வெட்டச் சொன்னது நாமல்ல. மருந்தைத் தெரிவு செய்வதும் நாமல்ல. ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவது நமக்கு. முகமூடி, கையுறை இல்லாமல் மருந்தடித்தால் நெஞ்சு எரிவதும் நமக்கு.

ஆகவே கேட்போம்: நோய் பிடித்த மலைக்குக் கிலோவைக் குறைக்க வேண்டும். மருந்தடிப்போருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும். நிழல் மரம் மீண்டும் நட வேண்டும்.

தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தச் சிவந்த இலையில் நாலு பிடுங்கிக் கையோடு கொண்டு போங்கள்.