கடிதங்களில் வரும் நான்கு நோயாளிகள்

சிறுநீரகப் பிரிவில் நெடுங்காலம் சிகிச்சை பெறுவோரிடமிருந்து அடிக்கடி எழும் ஒரு கேள்வி மருத்துவத்தைப் பற்றியதன்று. "டாக்டர், என் விசுவாசத்தில் ஏதோ குறை இருப்பதால்தான் இந்த நோய் தீரவில்லையோ?" என்பதே அது. நலம் விசாரிக்க வந்தவர் நல்லெண்ணத்தோடு சொல்லிச் சென்ற ஒரு சொல் அவர்கள் மனத்தில் தைத்திருக்கும். பிற சமயத்தவர் இதையே, "முன்செய்த வினையோ? நேர்த்திக்கடன் ஏதும் தவறிவிட்டதோ?" என்று கேட்பர். நோய் நீங்காமையை ஆன்மிகத் தோல்வியாகக் கருதும் இந்த எண்ணம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சான்றாகத் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களின் கடிதங்களையே முன்வைக்க விரும்புகிறேன்.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடிதங்களாகும். நிருபங்கள் என்றும் திருமுகங்கள் என்றும் நாம் வழங்கும் இவற்றுள் 13 பவுலின் பெயரைத் தாங்கியவை. இன்றைய கிரேக்கத்திலும் துருக்கியிலும் ஆங்காங்கே கூடிய சிறு சபைகளுக்கும், அவற்றை நடத்தியவர்களுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை எழுதப்பட்டன. பெரும்பாலும் ஆன்மிக வளர்ச்சியைப் பற்றியே பேசும் இக்கடிதங்களில் நான்கு நோயாளிகளை நாம் சந்திக்கிறோம்.

முதலாமவர் பவுலே. உடலில் தைத்த முள் என்று தம் துன்பமொன்றைக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். அது இன்னதென்று பெயரிட்டுச் சொல்லவில்லை. அதை நீக்கும்படி மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அந்த முள்ளோடு வாழ்வதற்குத் தேவையான அருள் தமக்கு உண்டு என்பதே அவர் பெற்ற விடை. கலாத்தியருக்கு எழுதும்போது, உடல் நலிவுற்றதன் காரணமாகவே முதன்முதலில் அவர்களிடையே பணியாற்ற நேர்ந்ததென்றும், தம் நோயைக் கண்டு அவர்கள் அருவருப்புக் கொள்ளவில்லை என்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

இரண்டாமவர் தீமோத்தேயு என்னும் இளைஞர். அவருக்கு வயிற்றுக் கோளாறு. அடிக்கடி உடல்நலம் குன்றும். அவருக்கு எழுதப்பட்ட முதற்கடிதத்தில், தண்ணீரை மட்டும் பருகாமல் சிறிது திராட்சை மதுவும் சேர்த்துக்கொள்ளும்படி அறிவுரை வருகிறது. அக்காலத்தில் திராட்சை மது மருந்தாகவும் பயன்பட்டது. (இன்றைய நோயாளிகள் இதை மதுவருந்தும் அனுமதியாகக் கொள்ள வேண்டாம் என்று மருத்துவனாகச் சொல்லியே ஆகவேண்டும்.) நாம் கருத வேண்டியது வேறொன்று. அடிக்கடி நோயுறும் அந்த இளைஞரின் நம்பிக்கையை அக்கடிதம் எங்கும் ஐயுறவில்லை. அவர் உடலுக்கு உகந்தது என்று அன்று கருதப்பட்டதைப் பரிந்துரைக்கிறது.

மூன்றாமவர் துரோப்பீமு, எபேசு நகரத்தவர். தீமோத்தேயுவுக்கான இரண்டாம் கடிதத்தின் இறுதியில், அவரை நோயுற்றவராக மிலேத்துவில் விட்டுவந்ததாக ஒரே வரியில் செய்தி வருகிறது. பவுலின் கைபட்ட துணிகளால் எபேசுவில் நோயாளிகள் நலம் பெற்றதாக அப்போஸ்தலர் பணிகள் நூல் கூறுகிறது. அந்த எபேசுவிலிருந்து வந்த தோழரோ பயணத்தைத் தொடர இயலாமல் வழியில் தங்கிவிட்டார். அவர் ஏன் குணமாகவில்லை என்பதற்குக் கடிதம் விளக்கம் தேடவில்லை. அவர்மீது குற்றம் சாட்டவும் இல்லை.

நான்காமவரைக் குறித்து, நோயாளியின் அருகில் இரவுபகலாக அமர்ந்திருக்கும் உங்களிடம் தனியே பேச விரும்புகிறேன். எப்பாப்பிரோதீத்து என்பவர், சிறையிலிருந்த பவுலுக்கு உதவும்படி பிலிப்பி சபையார் அனுப்பிவைத்தவர். பணிவிடை செய்யச் சென்றவரே நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை சென்றார். தாம் நோயுற்ற செய்தி ஊருக்கு எட்டிவிட்டதே என்பதுதான் அவருக்குப் பெருங்கவலையாயிற்று. நம் வார்டுகளில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு நோயாளிக்குச் சோறூட்டும் தாய்மாரையும், தம் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மறந்துவிட்டுக் கணவரின் மாத்திரைகளை எண்ணி வைக்கும் மனைவியரையும் காணும்போது இவர் என் நினைவுக்கு வருவார். பவுல் அவரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊருக்குத் திருப்பியனுப்பி, அவரை மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்கும்படி எழுதினார். அவர் இறந்திருந்தால் துயரத்தின்மேல் துயரம் தமக்கு நேர்ந்திருக்கும் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். மகிழ்ந்திருக்கும்படி மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் அதே கடிதத்தில்தான் இந்தச் சொல்லும் இருக்கிறது. ஆகவே, நம்பிக்கையுடையோர் அழக்கூடாது என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இவற்றை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர், மாத்திரையைத் தொடர்வது அவநம்பிக்கையின் அடையாளம் என்று எண்ணி, நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்தை நிறுத்திவிட்டால், உடல் அச்சிறுநீரகத்தை அயற்பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்கும். ஒரு தாயோ உடன்பிறந்தாரோ ஈந்த கொடை அவ்வாறு வீணாகிவிடக்கூடும். டயாலிசிஸ் சிகிச்சையைத் தவறவிட்டால், குருதியில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு நின்றுபோகவும் கூடும். மூச்சுத்திணறலைச் சொன்னால் நம்பிக்கை குறைந்தவன் என்பார்களோ என்று அஞ்சி மறைப்பவர், உதவி கிடைக்கும் நேரத்தைத் தாமே கடத்திவிடுகிறார். கொலோசெயருக்கு எழுதிய கடிதம், லூக்காவை மருத்துவர் என்றே அன்போடு அடையாளங்காட்டுகிறது. அக்கடிதங்களை எழுதியவர்களுக்கு மருத்துவர் அருகில் இருப்பது நம்பிக்கைக்கு இழுக்காகத் தோன்றவில்லை. நீங்கள் மன்றாடுங்கள்; மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆன்மிக வளர்ச்சியை எதைக்கொண்டு அறிவது? கலாத்தியர் கடிதம் தூய ஆவியின் கனிகளாக ஒன்பது பண்புகளைப் பட்டியலிடுகிறது. அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, தன்னடக்கம் முதலியன அதில் உள்ளன. உடல்நலம் அப்பட்டியலில் இல்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருப்பவரும் இந்த ஒன்பதிலும் வளர முடியும். பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்து அஞ்சி நடுங்குபவரிடம், "முதல் சில நாள்தான் இப்படி இருக்கும், பிறகு பழகிவிடும்" என்று சொல்லும் முதியவரிடத்தில் அந்த வளர்ச்சியை நான் காண்கிறேன்.

அக்கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் இரண்டு கருத்துகள் சில வரிகளுக்குள்ளேயே வருகின்றன. ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் என்பது ஒன்று. அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்பது மற்றொன்று. கிரேக்க மூலத்தில் இவ்விரு சுமைகளுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. முதலாவதான 'பாரொஸ்' அழுத்தும் பெரும்பாரத்தைக் குறிக்கும். இரண்டாவதான 'ஃபோர்த்தியோன்' ஒருவர் தமக்குரியதாகத் தூக்கிச் செல்லும் மூட்டையைக் குறிக்கும்.

நெடுநாள் நோயுள்ள குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் பயன்படும். மருத்துவச் செலவு, மருத்துவமனைக்கு அழைத்து வருதல், இரவில் விழித்திருத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவை பெரும்பாரங்கள். இவற்றை ஒரே மகளின் தோளிலோ ஒரே மருமகளின் தோளிலோ ஏற்றிவிடாமல் எல்லோரும் பகிர வேண்டும். மறுபுறம், அளந்து நீர் அருந்துவது, உப்பைக் குறைப்பது, வலியை உள்ளபடி சொல்வது ஆகியவை நோயாளியின் சொந்த மூட்டை. சுயநினைவோடும் வலுவோடும் இருக்கும்வரை அதை அவரே சுமக்கட்டும். அன்பின் மிகுதியால் அதையும் நாம் பறித்துக்கொண்டால், தம் வாழ்வை நடத்தும் மனிதர் என்ற மதிப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களாவோம்.

நலம் விசாரிக்க வருவோரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. இந்த நோய் ஏன் வந்தது என்ற ஆராய்ச்சியைப் படுக்கையருகில் தொடங்காதீர்கள். அடுத்த வாரம் எந்த நாளில் நீங்கள் துணைக்கு வந்து அமரலாம் என்று கேளுங்கள். நோயாளிகளே, நீங்காத நோயை உங்கள்மீது எழுதப்பட்ட தீர்ப்பாக எண்ணாதீர்கள். அந்த எண்ணம் உங்களை வருத்துமானால், அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது உடல்வலியோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.